மறுப்பு முறை

எட்டாம் வகுப்பு 'சி' பிரிவில் யாரும் எதையும் மறுத்துப் பேசியதில்லை. பலுபி டீச்சர் முதல் நாள் அறிவியல் பாடத்திலேயே இதைக் கண்டுகொண்டாள். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, அறுபது டிகிரி என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தாள். "இங்கி, டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லிவிட்டு அறுபது என்று எழுதிக்கொண்டது. அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர்களும் உண்டு.

ஜாவாவில் பெரியவர்களிடம் சொல்லும் "ஆமாங்க"தான் இங்கி. காதில் விழுந்தது என்பதற்கும் இங்கி, புரிந்தது என்பதற்கும் இங்கி, ஒன்றும் புரியவில்லை, ஆளை விட்டால் போதும் என்பதற்கும் அதே இங்கி. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பலுபியே இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் காலம் தள்ளியிருக்கிறாள். கராங்சாரி அரசு நடுநிலைப் பள்ளியில் வெகுகாலம் தற்காலிக ஆசிரியையாக இருந்து, போன வருடம்தான் அவளுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மாவட்ட ஆய்வாளர் நல்லதாக எழுத வேண்டும், தலைமையாசிரியர் தலையசைக்க வேண்டும். வேறு வேலை தெரியாதவள் இல்லை அவள். வேறு வேலை பிடிக்காது, அவ்வளவுதான். மக்குப் பிள்ளைகளோ கெட்டிக்காரப் பிள்ளைகளோ, அவர்கள் முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த நிமிடம் அவளுக்கு உயிர். பதில்தான் வருவதில்லை.

தலைமையாசிரியர் சுதார்மாஜி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் சிரிப்பார். சிரிப்பு எவ்வளவு அகலமோ கோபமும் அவ்வளவு என்று பள்ளிக்கூடத்துக் காவலாளிக்குக்கூடத் தெரியும். அன்று சிரிப்பு சின்னதாகத்தான் இருந்தது.

"பலுபி டீச்சர், புதுப் பாடத்திட்டம் படிச்சீங்கல்ல? இனிமே புத்தகத்தைப் பாத்துப் பாடம் நடத்தினா போதாது. பிள்ளைங்க ஒரு செயல்திட்டம் எடுத்துத் தாங்களே செஞ்சு கத்துக்கணும். யோசிக்கணும். ஆராயணும். எதையும் அப்படியே ஒத்துக்கக் கூடாது."

"இங்கி, சார்."

"ஆய்வாளர் வியோனோ வர்றார். உங்க வகுப்பைத்தான் காட்டப் போறேன். பிள்ளைங்க யோசிக்கிறது அவர் கண்ணுக்குத் தெரியணும்."

"யோசிக்கிறது எப்படி சார் கண்ணுக்குத் தெரியும்?"

சிரிப்பு கொஞ்சம் அகலமாயிற்று. "அதுக்குத்தானே டீச்சர் உங்களை வச்சிருக்கோம்."

பலுபி வகுப்புக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் வேலை முறை அட்டை தொங்கியது. இன்று பெருக்குவது யார், கரும்பலகை துடைப்பது யார், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கிழமை வாரியாகப் பெயர்கள். அந்த அட்டைக்கு இருந்த மரியாதை அவளுக்குக்கூட இருந்ததில்லை. காய்ச்சலோடு வந்து பெருக்கிவிட்டுப் போன பிள்ளையும் உண்டு. அட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று தோன்றியது. பெரியவர்களை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவுதான். ஆனால் முறை வந்துவிட்டால்? பெருக்குகிறவன் தரையை அவமதிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லையே.

பூந்தொட்டிக்கு அடியில் இன்னொரு வரி சேர்த்தாள். மறுப்பு. ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை, டீச்சர் சொல்வதை மறுத்துப் பேச வேண்டும்.

முதல் முறை தானுவுக்கு வந்தது. மறுநாள் காலை வருகைப்பதிவு எடுத்தாள்.

"தானு?"

"இல்ல டீச்சர்."

பலுபி நிமிர்ந்து பார்த்தாள். முன் பெஞ்சில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஏன்டா, எதிர்ல உக்காந்துகிட்டு இல்லங்குற?"

"இன்னைக்கு எனக்கு மறுப்பு முறை டீச்சர்."

அன்று முழுவதும் அவன் மறுத்தான். மணி அடித்ததை மறுத்தான். இன்று செவ்வாய் என்பதை மறுத்தான். இலை பச்சை என்றதற்கு எழுந்து நின்று கைகட்டி, "மன்னிக்கணும் டீச்சர், இல்ல" என்றான். ஏன் என்று கேட்டால் முறை என்றான். வகுப்பு அவனைப் பொறாமையோடு பார்த்தது. சாயங்காலம் பலுபி அட்டையில் ஒரு திருத்தம் செய்தாள். மறுப்பு, காரணத்தோடு. காரணம் இல்லாமல் மறுப்பது குப்பையை மூலைக்குத் தள்ளிவிட்டுப் பெருக்கியாயிற்று என்பது போலத்தான் என்று விளக்கினாள். இது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மூலைக்குத் தள்ளிய குப்பைக்காக அடி வாங்காதவர்கள் அந்த வகுப்பில் குறைவு.

அதன்பிறகு வண்டி ஓடத் தொடங்கியது. முதலில் திக்கித் திக்கி, பிறகு தாராளமாக. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள் டீச்சர். அன்றைய முறைக்காரி எழுந்து, எங்கள் வீட்டுப் பூட்டு மழையே படாத இடத்தில் துருப்பிடித்திருக்கிறது என்றாள். ஏன் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். பாடம் நகரவில்லை. பலுபிக்கு அவ்வளவு சந்தோஷம்.

செயல்திட்டமும் இப்படித்தான் கிடைத்தது. பாடம் நொதித்தல். எடுத்துக்காட்டு தாப்பே. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, ஆறவிட்டு, நொதிக்க வைக்கும் ஈஸ்ட் வில்லையைப் பொடித்துத் தூவி, பானையில் வாழையிலை மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் கிழங்கு மெத்தென்று ஆகித் தேன் மாதிரி இனிக்கும். கராங்சாரியில் இதைச் செய்யாத வீடு இல்லை. வில்லை தூவும்போது பேசக் கூடாது, கோபப்படவே கூடாது, மனத்தில் கோபம் இருந்தால் தாப்பே புளித்துப்போகும் என்பதை நம்பாத வீடும் இல்லை. ஒருத்தி செய்தது புளித்துவிட்டால் அவள் வீட்டில் சண்டை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பிறகு அவள் புருஷனைத்தான் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மறுபடியும் தானுவின் முறை. "டீச்சர், நான் மறுக்கிறேன். காரணம் இருக்கு. கோபப்பட்டா தாப்பே புளிக்கும்னு எங்க அத்தைதான் சொல்றாங்க. ஆனா அத்தை எப்பவுமே கோபமாத்தான் இருக்காங்க. தாப்பே சில நாள்தான் புளிக்குது."

பலுபி சாக்பீஸைக் கீழே வைத்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

"அப்ப செஞ்சு பாத்துடலாமா?"

"இங்கி, டீச்சர்!" இந்த இங்கியில் உயிர் இருந்தது.

திட்டம் எளிமையானது. ஒரே கிழங்கு, ஒரே வில்லை, ஒரே மாதிரி இரண்டு பானை. ஒன்றுக்கு வாய் பேசாமல் அமைதியாக வில்லை தூவுவது. மற்றதற்குச் சண்டை போட்டுக்கொண்டே தூவுவது. இந்த நம்பிக்கையில் இன்னொரு பாதியும் உண்டு. வீட்டுக்கு விலக்கான பெண்கள் கிழங்கைத் தொடக் கூடாது. அதையும் சோதித்துப் பார்க்கலாமா என்று பெண்பிள்ளைகள் கேட்டார்கள். சுதார்மாஜி அதைக் கேள்விப்பட்டு மிக அகலமாகச் சிரித்ததால் அந்தப் பாதி அப்படியே விடப்பட்டது.

சண்டை போடத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒருவரை ஒருவர் முகத்துக்கு நேரே திட்டிப் பழக்கமில்லாத பிள்ளைகள். தானு ஒப்புக்கொண்டான். அவனுக்கு எதிராக வெனிங் என்ற பெண்ணை நிறுத்தினார்கள். வெனிங் பின் பெஞ்சு. வாய் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படியான பெண். நீ போ என்றார்கள், இங்கி என்று எழுந்து வந்துவிட்டாள்.

"ஆரம்பிங்க" என்றாள் டீச்சர்.

தானு யோசித்தான். "நீ... நீ அவ்வளவு நல்ல பொண்ணு இல்ல."

வெனிங் தலையைக் குனிந்தாள். "இங்கி."

வேறு வழியில்லாமல் பலுபி கரும்பலகையில் வசனம் எழுதிக் கொடுத்தாள். வெனிங் அதைப் பார்த்து, "உன் மூளை அழுகிப் போச்சு" என்று படித்துவிட்டு, "மன்னிச்சுக்கோ" என்று சொந்தமாகச் சேர்த்துக்கொண்டாள். அதோடு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. தானு உதட்டைக் கடித்துக்கொண்டான். வில்லைப் பொடி இருந்த சல்லடை ஆடியது, பாதிப் பொடி தரையில் கொட்டியது. ஆனாலும் ஒருவழியாகச் சண்டை முடிந்து பானை மூடப்பட்டது. பலுபிக்கு உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் அதற்குள் சுதார்மாஜி பேனர் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். நீலத்தில் மஞ்சள் எழுத்து. "மூடநம்பிக்கையை வென்றது எங்கள் செயல்திட்டம்!" ஓரத்தில் அவர் படம். பானையை இன்னும் திறக்கவில்லையே சார் என்று பலுபி இழுத்தாள்.

"திறக்கலன்னா என்ன? பேனருக்கு முன்கூட்டியே சொன்னாத்தான் கடைக்காரன் குடுப்பான். இல்லன்னா ஆய்வாளர் வந்துட்டுப் போனப்புறம்தான் வரும்."

அவர் அட்டையையும் நெடுநேரம் பார்த்தார். "அவர் வர்ற அன்னைக்கு மறுப்பு முறை யாருக்கு?"

"தானுவுக்கு சார்."

"மாத்துங்க. வாயில விரல் வச்சாலும் கடிக்கத் தெரியாத பிள்ளையாப் போடுங்க. ஒரே ஒரு கேள்வி. அதையும் முன்னாடியே சொல்லிக் குடுத்துடுங்க. யோசிக்கிறது தெரிஞ்சா போதும், டீச்சர். ரொம்பத் தெரிய வேண்டாம்."

"இங்கி, சார்."

அப்படித்தான் வெனிங்கின் பெயர் அட்டையில் ஏறியது. மறுக்கும் முறையை, ஒருநாளும் மறுக்காதவளாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பலுபி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லிக் கொடுத்தாள். மழைக்காலத்தில் செய்தாலும் இதே முடிவு வருமா என்று கேட்க வேண்டும். அடுத்த செயல்திட்டத்தில் பார்ப்போம் என்று டீச்சர் சொல்வாள்.

"மணி அடிக்கிற வரைக்கும் முறை என்னோடதுதானே டீச்சர்?" என்று வெனிங் கேட்டாள்.

"ஆமா, ஏன்?"

"சும்மா, தெரிஞ்சுக்கக் கேட்டேன் டீச்சர்." ஊர் வழக்கப்படி விடைபெற டீச்சரின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வியோனோ வந்தார். ஒல்லியான, சாதுவான மனிதர். பாத்திக் சட்டை, பாதி மூடிய கண்கள். மடியில் படிவம், பக்கத்தில் பலகாரப் பெட்டி. அவருக்கு அருகில் சுதார்மாஜி. இருவருக்கும் தலைக்கு மேல் பேனர், பேனரில் இன்னொரு சுதார்மாஜி.

பாடம் நன்றாகவே போயிற்று. பிள்ளைகள் செய்முறையை விளக்கினார்கள். வெனிங் எழுந்து மழைக்காலக் கேள்வியைக் கேட்டாள். டீச்சர் பதில் சொன்னாள். ஆய்வாளர் தலையசைத்து ஏதோ எழுதினார். பானைகளைத் திறந்தார்கள். வாசனை வகுப்பு முழுக்கப் பரவியது. ஆய்வாளர் அமைதிப் பானையிலிருந்து ஒரு துண்டு, சண்டைப் பானையிலிருந்து ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு சந்தேகம் தீரச் சண்டைப் பானையிலிருந்து இன்னும் இரண்டு சாப்பிட்டார்.

"ரெண்டுமே நல்ல இனிப்பு. ஆக, கோபத்துல செஞ்சா புளிக்கும்னு நம்ம ஊர்ல சொல்றதெல்லாம் பொய்னு நிரூபிச்சுட்டீங்க. அருமை" என்றார். சுதார்மாஜி கைதட்டினார். வகுப்பு கைதட்டியது. பலுபி மூச்சு விட்டாள்.

பின் பெஞ்சில் வெனிங் எழுந்து நின்றாள்.

"மன்னிக்கணும் ஐயா. நான் மறுக்கிறேன். காரணம் இருக்கு."

சுதார்மாஜி திரும்பினார். "நீதான் ஏற்கெனவே கேட்டுட்டியேம்மா. உனக்கு ஒரு கேள்விதானே சொல்லிக் குடுத்..." அதோடு நிறுத்திக்கொண்டு சிரித்தார்.

"மணி அடிக்கிற வரைக்கும் முறை சார்" என்றாள் வெனிங். கைகள் முன்னால் கட்டியபடியே இருந்தன. "ஐயா, அந்தப் பானைக்குச் சண்டை போட்டது நானும் தானுவும்தான். எங்களுக்குக் கோபமே வரல. வசனம் டீச்சர் எழுதிக் குடுத்தாங்க. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்புத் தாங்கல. பாதிப் பொடி சிரிப்புலயே கீழ கொட்டிடுச்சு. அதனால அது கோபத்துல செஞ்ச பானை இல்லைங்க ஐயா. சந்தோஷத்துல செஞ்ச பானை. அது இனிச்சதுல ஆச்சரியம் இல்ல. கோபத்துல செஞ்சா புளிக்குமா, புளிக்காதான்னு நமக்கு இன்னும் தெரியாது."

சொல்லி முடித்துவிட்டு, உட்காரலாமா என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தாள்.

அவளுக்கு எதிர்த்துப் பேசும் ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முறை என்றால் முறை. மூலையில் குப்பை கிடக்கிறது, மணி இன்னும் அடிக்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்திலேயே அடங்கிய பிள்ளையைத் தேடிப் பிடித்து முறையைக் கொடுத்தவர்களுக்கு இது ஏன் தோன்றாமல் போயிற்று என்பதுதான் ஆச்சரியம்.

ஆய்வாளர் பேனரை ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு பலுபியிடம் திரும்பினார்.

"சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லுது. முடிவு சரிதானே டீச்சர்? அப்படியே எழுதிக்கலாம்ல?"

இங்கி என்ற சொல் பலுபியின் நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. அது எப்போதும் அங்கேதான் நிற்கும். சொல்லிவிட்டால் அவர் எழுதிக்கொள்வார், சுதார்மாஜி தலையசைப்பார், அடுத்த வருடமும் இதே வகுப்பு, இதே கரும்பலகை. வெனிங் உட்கார்ந்துவிடுவாள். இனி என்றைக்குமாக உட்கார்ந்துவிடுவாள். வகுப்பு மொத்தமும் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போத்தன், ஐயா" என்றாள் பலுபி.

போத்தன் என்றால் "இல்லைங்க". மரியாதையான சொல்தான். ஆனால் டீ இன்னொரு தம்ளர் வேண்டுமா என்று கேட்டால் சொல்வதற்கு உள்ள சொல். மேலதிகாரியிடம் யாரும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை, தன் வாயாலும் சொன்னதில்லை.

"என்ன சொன்னீங்க?"

"இல்லைங்க ஐயா, முடிவு சரியில்ல. பொண்ணு சொல்றதுதான் சரி. எனக்கும் அன்னைக்கே உறுத்துச்சு. பேனர் வந்துடுச்சேன்னு விட்டுட்டேன்."

ஆய்வாளர் படிவத்தில் கொஞ்ச நேரம் எழுதினார். எழுந்து எல்லாருக்கும் கைகொடுத்தார். பலகாரப் பெட்டியை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த தாப்பேயையும் இலையில் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சுதார்மாஜி பலுபியைக் கூப்பிட்டார். அப்படி ஒரு சிரிப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை. கடைவாய்ப் பல் வரை தெரிந்தது.

"ஆய்வாளர் எழுதிட்டார். பிள்ளைங்க சிந்திக்கிறது மிக நன்று. செயல்திட்டத்துக்கு முடிவு இல்லை. ஆசிரியைக்கு வகுப்புக் கட்டுப்பாடு போதாது." நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "நீங்க ரொம்ப அலையறீங்க பலுபி டீச்சர். உடம்பைப் பாத்துக்கணும். அடுத்த வருஷம் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கலாமே?"

"இங்கி, சார்" என்றாள் பலுபி. பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வராந்தாவில் நடந்து வரும்போதுதான் கோபம் வந்தது. அந்தச் சிரிப்பின்மேல் கோபம், ஓய்வு என்ற சொல்லின்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வாளர் முன்னால் அவ்வளவு தைரியமாக ஒரு நாள் இருந்துவிட்டு மறுநாளே இங்கி என்று சொன்ன தன் வாய்மேல் தாங்க முடியாத கோபம். அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வரவில்லை.

வகுப்புக்குள் ஆவி பறந்தது. பிள்ளைகள் புதிதாகக் கிழங்கு வேகவைத்து முறத்தில் ஆறப்போட்டிருந்தார்கள். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நிஜக் கோபத்துக்கு எங்கே போவது என்பதில்தான் தகராறு. அத்தையை அழைத்து வருகிறேன் என்றான் தானு. அத்தை சரிப்பட மாட்டார், அவருக்குக் கோபம் இல்லாத நேரமே கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க முடியாது என்று மற்றவர்கள் நிராகரித்திருந்தார்கள்.

பலுபி உள்ளே வந்ததும் வெனிங் அவள் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"டீச்சர், கோபமா இருக்கீங்களா?"

இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. கேட்டாலும் பதில் எப்போதும் இல்லை என்பதுதான்.

"இருக்கேன்."

"நிஜமாவா டீச்சர்?"

"நிஜமா. கையைப் பாரு, நடுங்குது."

வெனிங் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வில்லைப் பொடி சல்லடையை எடுத்து அதில் வைத்தாள். "அப்ப இப்பவே தூவிடுங்க டீச்சர். ஆறிடப் போகுது." கிழங்கைச் சொன்னாளா, கோபத்தைச் சொன்னாளா தெரியாது.

பலுபி தூவினாள். "ஓய்வாம் ஓய்வு! யாருக்குடா வேணும் ஓய்வு? நான் கேட்டேனா?" என்று கிழங்கைப் பார்த்துக் கத்தினாள். இன்னும் சில சொன்னாள், அவற்றை எழுத முடியாது. பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அமைதிப் பானைக்குத் தூவினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பொடி ஒரு சிட்டிகைகூடத் தரையில் விழவில்லை.

திங்கட்கிழமை பானைகளைத் திறந்தார்கள். அமைதிப் பானை இனித்தது. கோபப் பானையில் தானு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். எல்லாரும் அவன் தொண்டையையே பார்த்தார்கள்.

"இனிக்குது!"

ஒரே கூச்சல். பேனரை மறுபடியும் மாட்டலாம் என்று ஒருத்தி சொன்னாள். தானு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வியாழக்கிழமை அவனிடமிருந்து எடுத்த முறை அன்று அவனுக்கு. "நான் மறுக்கிறேன். ஒரு பானையை வச்சு என்னத்தச் சொல்றது? நாலஞ்சு தடவையாவது செய்யணும். அதே ஆளு, அதே அளவு கோபம். ஆள் மாறினா செல்லாது. டீச்சர், அடுத்த வருஷம் உங்களுக்குக் கோபம் வர்றப்பல்லாம் எங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க. நாங்க கிழங்கோட வந்துடுறோம்."

சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் பலுபி இருந்தாள். ஆனால் சோதனைக்குத் தப்பான தகவல் கொடுப்பது சரியில்லை என்று பட்டது.

"அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்டா. என் வேலையைப் புதுப்பிக்கல. தலைமையாசிரியர் சொல்லிட்டார்."

கூச்சல் அடங்கியது. தானு நின்ற இடத்திலேயே கீழே பார்த்தான். முறை அவனுடையதுதான், ஆனால் அவன் மறுக்கவில்லை. பிறகு யாரோ ஒரு பிள்ளை மெல்ல "இங்கி, டீச்சர்" என்றது. இன்னொன்றும் சொன்னது. வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு அதையே முணுமுணுத்தது. பெரியவர்கள் சொல்லியாயிற்று, வேறு என்ன சொல்வது?

"போத்தன்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

வெனிங் எழுந்து நின்றாள். முகம் சிவந்து, மூக்கு விடைத்திருந்தது.

"வெனிங்" என்றாள் பலுபி. "இன்னைக்கு உன் முறை இல்லையேம்மா."

"தெரியும் டீச்சர்."

அவள் முன்னால் வந்து கோபப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டி, வராந்தாவில் தலைமையாசிரியர் அறைப்பக்கம் திரும்பினாள். தானு பின்னால் ஓடினான். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக எழுந்து எல்லாரும் போனார்கள்.

போய் நிறுத்தி, திருப்பி அழைத்துவந்து உட்கார வைக்க வேண்டும். வகுப்புக் கட்டுப்பாடு என்பது அதுதான். பலுபி கழுத்துக்கு நழுவியிருந்த முக்காட்டைத் தலைக்கு இழுத்துச் சரிசெய்துகொண்டு, யாரையும் திரும்பக் கூப்பிடாமல் பிள்ளைகளின் பின்னால் அவளும் போனாள்.